எட்டாம் படுக்கையின் மருமகள்

பெரிய ஆஸ்பத்திரிக்குள் போய், "மருமகளைப் பார்க்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். யார் மருமகள், எந்த வீட்டு மருமகள் என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். லிஃப்ட் ஓட்டுகிறவர் முதல் தலைமை நர்ஸ் வரைக்கும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். எதிர்ச் சந்தில், மருந்துக்கடை மாடியில் அவள் அலுவலகம். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்குத் துணையாக ஆள் அனுப்புகிற அலுவலகம். அவள் பழக்கி அனுப்பிய பெண் பார்த்துக்கொண்ட நோயாளிக்கு முதுகில் ஒரு புண் வந்தது என்று எவராவது சொல்லட்டும், வாசலில் தொங்குகிற போர்டை அவளே கழற்றிக் கீழே வைத்துவிடுவாள். இன்றுவரை கழற்றவில்லை.

இத்தனைக்கும் அவள் இப்போது யாருக்கும் மருமகள் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அது வந்த கதையைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

அப்போது அவள் ஆயத்த ஆடை கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். தைத்து வருகிற சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் நறுக்கித் தள்ள வேண்டும். அவள் கத்தரி ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கவே சூப்பர்வைசர் வந்து நிற்பார். புருஷன் ஏ.சி. மெக்கானிக். தெருவுக்கு அவன் தங்கமான மனுஷன். எந்த வீட்டு ஃபேன் நின்றாலும் ஓடிப்போய்ப் பார்ப்பான், கைநீட்டிக் காசு வாங்க மாட்டான். "உனக்கென்னம்மா, குடுத்து வச்சவ" என்பார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள்.

அந்தத் தங்கம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் இரும்பாகிவிடும். உப்பு கூடினாலும் கை நீளும், குறைந்தாலும் நீளும். சரியாக இருந்தால், "இன்னைக்கு என்ன புதுசா அக்கறை?" என்று அதற்கும் நீளும். அடித்து முடித்ததும் ஒரே வசனம்தான்: "இது என் வீடு. இஷ்டமில்லன்னா வெளிய போ." வாடகைப் பத்திரம் அவன் பேரில், கரண்ட் அவன் பேரில், கேஸ் அவன் பேரில். வாடகையில் பாதி அவள் சம்பளத்திலிருந்து போனது. அது மட்டும் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

ஒருநாள் கையில் இருந்த ஸ்பானரை ஓங்கினான். முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கினாள், முன்கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள். மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். வெளியே வந்தவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, எதிர்ப் பக்கம் நடந்தாள். தைரியம் என்று அதற்குப் பெயர் வைத்ததெல்லாம் பிற்பாடுதான். அன்றைக்குக் கால் போனது, அவ்வளவுதான்.

முதலில் அண்ணன் வீடு. அண்ணி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் காபி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் அண்ணன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேம்மா. அவன் நல்லவன்தான், கோபம்தான் ஜாஸ்தி."

அடுத்து, கூட வேலை பார்த்த சிநேகிதி வீடு. புருஷன் மோப்பம் பிடித்து வந்து தெருவில் நின்று கத்தினான். சிநேகிதியைக் காலி செய்யச் சொல்லிவிடுவேன் என்றார் வீட்டுச் சொந்தக்காரர். தன்னால் இன்னொருத்தி குடிபெயர வேண்டாம் என்று இவளே பையைத் தூக்கிக்கொண்டாள். தனியாக ஓர் அறை தேடினாள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "சார் எப்ப வருவாரு?" சார் வரமாட்டார் என்றதும், அதுவரை காலியாக இருந்த அறைக்கு அந்த நிமிஷமே ஆள் வந்துவிடும். இதற்கிடையில் கட்டுப் போட்ட கையோடு கத்தரி பிடிக்க முடியாமல் வேலையும் போனது.

கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றுதான் அதைக் கவனித்தாள். நோயாளிகளின் உறவுக்காரர்கள் தங்குகிற பெரிய கூடம். பாய், பை, போர்வையோடு ஏகப்பட்ட பேர் படுத்துக் கிடந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தது, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது, விளக்கு அணைவதில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லோர் கையிலும் ஒரே ஒரு பொருள்தான் பொது: ஃபிளாஸ்க்.

வாசலில் ஒரு பழைய ஃபிளாஸ்க் வாங்கினாள். ஒரு பக்கம் நசுங்கினது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் கவலையாக நடந்தால் போதும், எந்தக் கதவும் திறக்கும். அவள் ஃபிளாஸ்க்கில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அது யாருக்குத் தெரியப் போகிறது? இப்படியொரு புத்தி படித்தவர்களுக்கு வருமா என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கூடத்துக் காவலாளிக்கு விசில் என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். சத்தம் போடாதீர் என்று சுவரெல்லாம் எழுதிய இடத்தில் அதை ஊதவே முடியாது. அந்த ஆத்திரத்தையெல்லாம் கேள்வியில் காட்டுவார். ஒரு காலையில் அவள் முன்னால் வந்து நின்றார்.

"எந்த வார்டு? எந்தப் படுக்கை?"

வாயில் வந்ததைச் சொன்னாள். "பெண்கள் எலும்பு வார்டு. எட்டாம் படுக்கை."

"எட்டா? நல்லதாப் போச்சு. அந்தம்மா துணைக்கு ஆளே இல்லன்னு நர்ஸ் என்னைப் பிடிச்சுத் திட்டறாங்க. நடம்மா மேல."

மாடிப்படி முழுக்க அவளுக்கு ஒரே எண்ணம்தான். இந்தக் கூடமும் போனால் அப்புறம் தெருதான். தெருவில் எத்தனை நாள் தாங்குவாள்? தெரு முடிகிற இடத்தில் அவன் வீடு இருந்தது.

எட்டாம் படுக்கையில் கிடந்தவள் மாவு மில் நடத்துகிறவள். புருஷன் போன பிறகு தனி ஆளாக மில்லை ஓட்டியவள். மகன் எங்கோ தூர தேசத்தில். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தாள். ஆயுசு முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. சாதாரணமாகப் பேசினாலே அடுத்த வார்டு எழுந்து உட்காரும்.

"அம்மா, இந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?" என்றார் விசில்.

மில்லுக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டுப் பிரித்து வெளுத்துச் சூம்பிய கையைப் பார்த்தாள். ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள். அப்புறம் வார்டே அதிரும்படி ஆரம்பித்தாள்.

"யாரா? என் மருமக! எங்கேடி போய்த் தொலைஞ்ச? காலையிலேருந்து தொண்டை காயுது இங்க. குடு அதை!" பிடுங்கித் திறந்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். "பாருங்க சார், நீங்களே பாருங்க! வெந்நீர் வாங்கிட்டு வாடின்னா வெறும் ஃபிளாஸ்க்கை ஆட்டிக்கிட்டு வர்றா. இவளைக் கட்டிக்கிட்டு நான் எப்படிக் குப்பை கொட்டறது?"

விசில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "மாமியார் மருமக விவகாரம், நான் எதுக்கு நடுவுல?" என்று இறங்கிப் போனார்.

அவர் போனதும் மில்லுக்காரி குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தாழ்த்தவும் தெரியும் என்பது அன்றுதான் வார்டுக்குத் தெரிந்தது.

"கையில என்ன?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா."

"பாத்ரூம்ல வழுக்கினவ நான். இதோ, இடுப்பு போச்சு. நீ கையைத் தூக்கி மூஞ்சியை மறைச்சிருக்க. எனக்கே கதை சொல்றியா?"

அவள் கையைப் பின்னால் மறைத்தாள். மில்லுக்காரி மேலே தோண்டவில்லை. "நிக்காத. வெந்நீர் கொண்டா. இனிமே அம்மான்னு கூப்பிட்டு மாட்டிக்காத. அத்தைன்னு சொல்லு."

அன்றிலிருந்து அவள் எட்டாம் படுக்கையின் மருமகள். வேலை என்றால் வேலை, நடிப்பில்லை. அந்தக் கனத்த உடம்பை, ஒற்றைக் கை பலத்தில், விரிப்பை இழுத்தே பக்கவாட்டில் புரட்டக் கற்றாள். பெட்பேன் வைத்து எடுத்தாள். முதுகு ஈரமாகாமல் துடைத்துப் பவுடர் போட்டாள். நர்ஸ் ஒருமுறை காட்டினால் போதும், மறுமுறை நர்ஸுக்கே இவள் எடுத்துக் கொடுப்பாள். "ஏண்டி, நான் என்ன கோதுமை மூட்டையா, இப்படிப் புரட்டற?" என்று மில்லுக்காரி கத்துவாள். "மூட்டைன்னா பேசாம வருமே அத்தை" என்பாள் இவள். வார்டு சிரிக்கும். ஏழாம் படுக்கையும் ஒன்பதாம் படுக்கையும், "மருமகளே, எனக்கும் கொஞ்சம் புரட்டி விடு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மற்ற மாமியார்களுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

டிஸ்சார்ஜ் நாள் நெருங்கியது. எட்டாம் படுக்கை காலியானால் மருமகளும் காலி. அடுத்து எங்கே போவது என்பதை அவளும் கேட்கவில்லை, மில்லுக்காரியும் வாயைத் திறக்கவில்லை. வார்டில் அவளைப் பார்த்துவிட்டுப் போன பழைய தெருக்காரி ஒருத்தி மட்டும் வாயைத் திறந்தாள், திறக்கக் கூடாத இடத்தில்.

டிஸ்சார்ஜ் அன்று, பார்வையாளர் நேரத்தில், புருஷன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆப்பிள் பை, முகத்தில் தெருவுக்குக் காட்டுகிற சிரிப்பு. வாசலில் விசில் மறித்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"என் ஒய்ஃப் இங்க இருக்கா. எட்டாம் படுக்கைகிட்ட."

அவ்வளவுதான். விசிலுக்கு மகா கோபம் வந்துவிட்டது. மருமகளின் புருஷன் என்றால் மாமியாருக்கு மகன்தானே? "ஓ, நீதானா அது! பெத்த தாய் இடுப்பு ஒடிஞ்சு கிடக்கறா, இத்தனை நாள் எட்டிப் பாத்தியா? ஆப்பிள் வாங்கிட்டு வந்துட்டாராம் ஆப்பிள்! வாய்யா உள்ள!" என்று தோளைத் தள்ளிக்கொண்டே கூட்டி வந்தார். வார்டு முழுக்க அவனை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தது. "இவன்தானா அந்தத் துரை?" என்றது ஏழாம் படுக்கை.

மில்லுக்காரி ஒரு நொடியில் பிடித்துக்கொண்டாள். "வாடா என் ராசா! ஆத்தா உசுரோட இருக்காளான்னு பாக்க வந்தியா?"

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "யாருங்க இந்தக் கிழவி? இது என் அம்மா இல்லைங்க!"

"பெத்தவளையே இல்லங்கறான் பாரு, பாவி!" என்றது ஒன்பதாம் படுக்கை.

அவன் சிரிப்பு கழன்றது. நேராக அவள் பக்கம் திரும்பினான். "என்னடி நாடகம் இது? சார், இவ என் பொண்டாட்டி. இந்தம்மாவுக்கு மருமகளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வீட்டை விட்டு ஓடி வந்து இங்க திருட்டுத்தனமாப் படுத்துக் கிடக்கா. கிளம்புடி. இல்லன்னா இவரே உன்னை வெளிய தள்ளுவாரு, அப்புறம் தெருதான்."

 விசில் அவளைப் பார்த்தார். மில்லுக்காரி வாயைத் திறந்தாள். மருமகள் கையை நீட்டி, "நீங்க இருங்க அத்தை" என்றாள். நேராக விசில் முன்னால் போய் நின்றாள்.

"அவர் சொல்றது நிஜம் சார். நான் இவங்க மருமக இல்ல. எனக்குத் தங்க இடம் இல்ல, அதனால இங்க இருந்தேன். இடம் ஏன் இல்லன்னா," சூம்பிய கையைத் தூக்கிக் காட்டினாள், "இதை உடைச்சது பாத்ரூம் இல்ல, இவர். அந்த வீட்டுக்கு நான் போக மாட்டேன். நீங்க வெளிய தள்ளினா தெருவுக்குப் போவேன். அங்க போக மாட்டேன்."

இத்தனை காலம் தொண்டையில் நின்ற வார்த்தைகள். நாற்பது கட்டில் கேட்க, கணீரென்று சொன்னாள்.

 விசில் நிதானமாக அவன் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க எந்தப் படுக்கை?"

"என்ன?"

"எந்த வார்டு, எந்தப் படுக்கை? உங்க பேஷன்ட் யாரு? யாருமில்லையா? பேஷன்ட் இல்லாம உள்ள நிக்கக் கூடாது. ரூல்ஸ். நடங்க."

"நான் அவ புருஷன்யா!"

"புருஷன்கறது படுக்கை நம்பர் இல்ல. நடங்க!" என்று சொல்லிவிட்டு, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஊதாத அந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார் பாருங்கள்! கட்டுப் போட்ட கால்களெல்லாம் கட்டிலில் துள்ளின. இன்னும் இரண்டு காவலாளிகள் ஓடி வந்தார்கள். அவன் போனான். ஆப்பிள் பையை வார்டு பங்கு போட்டுத் தின்றது.

விசில் திரும்பி வந்தார். "உனக்கும் அதே கேள்விதாம்மா. எந்தப் படுக்கை?"

"எட்டு," என்றாள் அவள். "இவங்களுக்குத் துணை. உறவு இல்ல, வேலை."

"என் ஆள்தான்," என்றாள் மில்லுக்காரி. "இன்னைக்கு என்கூட மில்லுக்கு வருது. இனாமா இல்ல, என் இடுப்பு நிமிர்ற வரைக்கும் இவதான் எனக்குக் காலு."

அன்று மாலையே மருமகள் டாக்டரிடம் போய், கை எப்படி முறிந்தது என்பதைத் திருத்தி எழுத வைத்தாள். போலீஸில் புகாரும் கொடுத்தாள். மில்லுக்குப் பின்னால், தவிட்டு மூட்டை அடுக்கிய அறை அவளுக்குக் கிடைத்தது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அதை அவளே போட்டு, அவளே திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். ஏழாம் படுக்கை வீட்டுக்குப் போனதும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது. அப்புறம் ஒன்பது. அப்புறம் ஆள் போதாமல், அவள் ஆள் சேர்க்க ஆரம்பித்தாள்.

இன்றைக்கு மருந்துக்கடை மாடியும் அதற்கு மேல் மாடியும் அவள் பேரில். பத்திரத்தில் அவள் பெயர் மட்டும்தான், துணைக்கு இன்னொரு பெயர் கிடையாது. மேல் மாடியில் அவளிடம் வேலை பார்க்கிற பெண்கள் தங்குகிறார்கள். "சார் எப்ப வருவாரு" என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர்களையெல்லாம் எங்கே பிடிக்கிறாள் என்று கேட்பீர்கள். காலையில் அந்தக் கூடத்துக்குப் போவாள். விசிலுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, அவளைக் கண்டால் எழுந்து நிற்பார். அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஃபிளாஸ்க்குகளைப் பார்ப்பாள். நிறைந்த ஃபிளாஸ்க்கைத் தூக்குகிற கை கொஞ்சம் தாழும். காலி ஃபிளாஸ்க்கைப் பிடித்த கை தாழாது. அது அவளுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

போன வாரம்கூட ஒருத்தி, கழுத்தை மூடித் துப்பட்டா சுற்றியவள், கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் கவலையாக நடந்துகொண்டிருந்தாள்.

"எந்த வார்டு? எந்தப் படுக்கைம்மா?" என்றாள் மருமகள்.

"இருபத்தி ரெண்டாம் வார்டு. என்... என் பெரியம்மா."

"இருபத்தி ரெண்டு ஆம்பளைங்க வார்டும்மா. மீசை வச்ச பெரியம்மாவா?"

அந்தப் பெண் அழுவதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றாள். மருமகள் அவள் கையிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள்.

"பயப்படாத. நான் எட்டாம் படுக்கைன்னு சொன்னேன், எனக்கு எட்டுல ஒரு மாமியார் கிடைச்சா. வா, முதல்ல இதுல வெந்நீர் பிடிப்போம்."