இரவல் போன பட்டு

என் மனைவி ஏலிக்குட்டி கையில் எந்தச் சாமானும் தங்காது. நெல் அவிக்கும் அண்டா, என் குடை, எங்கள் பிள்ளைகளையும் பிறகு பேரப்பிள்ளைகளையும் ஆட்டிய தொட்டில் எல்லாமே மீனச்சிலாற்றங்கரை முழுக்க இரவலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மழையில் நனைந்து வந்து நான் கத்தினால், துண்டை நீட்டிக்கொண்டே, "எல்லாம் திரும்பி வந்துரும், சும்மா இருங்க" என்பாள். ஆயுசு முழுக்கக் கத்தினேன்.

அவள் இறந்த அன்று காலை பெட்டியைத் திறந்த மகள் லிசம்மா அலறினாள். "அப்பச்சா, மந்திரகோடியைக் காணோம்!"

கல்யாணத்தன்று நான் அவள் தலையில் போட்ட பட்டு அது. கடைசியில் அதைப் போர்த்தித்தான் எங்கள் பெண்களை அனுப்புவோம்.

என் தங்கை மரியாக்குட்டி சும்மா இருப்பாளா? "அதையும் தூக்கிக் குடுத்துட்டாளா உன் பொண்டாட்டி?"

"வாயை மூடு" என்றேன். ஆனாலும் நானே பெட்டியை இன்னொரு தடவை கவிழ்த்துப் பார்த்தேன்.

பாதிரியார் வருகிற நேரத்தில், கோயிலில் மணியடிக்கும் வர்க்கி பட்டும் கையுமாக ஓடிவந்தார்.

"கிறிஸ்துமஸ் நாடகத்துல மாதாவுக்குப் போர்த்த வருசாவருசம் ஏலிச்சேச்சிதான் குடுப்பாங்க. இந்தத் தடவை திருப்பிக் குடுக்க மறந்தே போச்சு. மன்னிச்சிருங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போர்த்தும்போது பார்த்தால், பட்டின் ஓரத்தில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. நாடகத்தில் மாதாவின் புருசன் சூசையப்பருக்கு வைத்த தாடி. லிசம்மா அதைத் தட்டிவிடப் போனாள்.

"விடுடி, இருக்கட்டும்" என்றேன். "உங்கம்மா புருசன் துணையில்லாம எங்கயும் போனதில்ல."