என்ன பஞ்சி?

எங்கள் வீட்டில் பஞ்சி என்ற சொல் ஒரு நாளைக்குப் பல தடவை புழங்கும். சோம்பல் என்று எழுதினால் அதன் பாதிதான் வரும். மழை நாளில் எழும்பப் பஞ்சி, அலுமாரியை ஒதுக்கப் பஞ்சி, கடைக்குப் போகப் பஞ்சி. சொல்கிறவர் சிரித்துக்கொண்டு சொல்வார், கேட்கிறவரும் சிரித்துக்கொண்டுதான் ஏசுவார். அதனால் என் தம்பியின் மனைவி அந்தச் சொல்லை எடுத்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நெடுந்தீவுப் பெண். தாய் இல்லை. தகப்பன் மாடு வளர்ப்பவர். தம்பியைக் கட்டிக்கொண்டு இறுப்பிட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவனுக்குக் கட்டாரில் வேலை. விடுமுறைக்கு வந்து போகிறவன். ஆகவே வீட்டில் அம்மா, நான், அவள் என்று மூன்று பெண்கள். நான் கலியாணம் செய்யவில்லை. வேலணையில் ஒரு பாடசாலைக் கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கிறேன். ஒரு துவாயை மடித்தாலும் கரையோடு கரை சேர வேண்டும் எனக்கு. அவள் வேகக்காரி. காய்ந்த உடுப்பைக் கொடியிலிருந்து அள்ளிவந்து கதிரையில் கொட்டிவிட்டு, "மச்சாள், உங்களுக்குக் கந்தோர் வேலை வந்து கிடக்கு" என்பாள். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது அவள் பாடுவது தெருவுக்குக் கேட்கும். பாட்டு நன்றாக இருக்காது. அதையும் அவளே சொல்வாள்.

வயிற்றில் ஏழாம் மாதம் நடக்கும்போது அவள் சீப்பால் தலை இழுப்பதை விட்டுவிட்டாள்.

"இழுக்கப் பஞ்சியாக் கிடக்கு மச்சாள்."

"வாரும், நான் இழுத்து விடுறன்."

முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். சிக்கெடுக்கும்போது கத்துகிறவள், அன்று சீப்பு இழுத்த பக்கமெல்லாம் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். குசினிக்குள் இருந்து அம்மா சொன்னார்: "வயித்திலை பொடியன் எண்டா தாய்க்குப் பஞ்சி வருமாம். பாப்பம்."

அம்மாவின் கணிப்புப் பிழைத்தது. பிறந்தது பெட்டை. பஞ்சி மட்டும் போகவில்லை.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு அம்மா சரக்கு அரைத்தார். கொத்தமல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்த்து, பிள்ளை பெற்றவளுக்கென்று தனியாக வைக்கிற கறி அது. எங்கள் பக்கத்தில் அதைச் சாப்பிட முகம் சுழிக்காத பெண் இல்லை. இவள் வைத்ததை வைத்தபடி சாப்பிட்டாள். அம்மாவுக்குப் பெருமை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஒரு முறைப்பாடு இல்லை. அறையை விட்டு வெளிக்கிடவும் கேக்கிறேல்லை. எங்கட பெட்டையளுக்கும் இந்தப் பொறுமை வராது" என்று சொன்னார். வந்தவர்களும், "குடுத்து வைச்சனீங்கள்" என்றார்கள்.

ஒரு நாள் சட்டியில் மிஞ்சியிருந்ததை நான் சோற்றில் விட்டுக்கொண்டேன். ஒரு கல் உப்பு இல்லை. வாயில் வைக்க முடியவில்லை. அறைக்குப் போய், "உப்பில்லாமல் என்னெண்டு சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"உப்பில்லையோ?" என்றாள். பிறகு, "சொல்லப் பஞ்சி மச்சாள்" என்றாள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத பதில்கள். உப்பில்லை என்று தெரிந்திருந்தால்தானே சொல்லப் பஞ்சிப்பட வேண்டும்? அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

அதன் பிறகு அவளைக் கவனித்துப் பார்த்தேன். மாலையில் தம்பி வீடியோவில் வருவான். போன் அடித்ததும் நிமிர்ந்து இருந்து சிரிப்பாள். "என்ன, இன்னும் பஞ்சியோ உமக்கு? பஞ்சி மகாராணி" என்று அவன் பகிடி விட, அதற்கும் சிரிப்பாள். பிள்ளையைக் காட்டுவாள். போனைக் கீழே வைத்த கையோடு அந்தச் சிரிப்பும் நின்றுவிடும். முகத்தில் அழுகை இல்லை, கோபம் இல்லை. ஆள் எழும்பிப்போன கதிரை மாதிரி இருக்கும். பிள்ளை அழுதால் தூக்கிப் பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், ஒன்றிலும் குறை வைக்கமாட்டாள். ஆனால் பிள்ளையோடு கதைக்கமாட்டாள். பிள்ளை நித்திரையான பிறகும் தான் கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தபோது நான் வீட்டில் இருந்தேன். நிறை சரியாக இருந்தது. அவர் தாயின் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்கு நித்திரை வருகுதோ? அழுகை கிழுகை வருகுதோ?"

"அவள் நல்ல நித்திரை மிஸ்ஸி" என்றார் அம்மா. "அழுகிறேல்லை. கொஞ்சம் பஞ்சி, அவ்வளவுதான்."

"நான் அவவைக் கேட்டனான் அம்மா."

"ஓம், நல்லா இருக்கிறன்" என்றாள் அவள்.

வாசல்வரை கூடப்போன என்னிடம் அவர் சொன்னார்: "அழாததைப் பாத்து நல்லா இருக்கிறா எண்டு நினைச்சிடாதேங்கோ. ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்துக் கேளுங்கோ. ஏதும் எண்டா எனக்குப் போன் அடியுங்கோ." தன் இலக்கத்தை என் போனில் பதிந்துவிட்டுப் போனார்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் முடிந்து, பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த பிறகு, பிள்ளையின் துணிகளைத் தோய்க்கும் வேலை அவளுடையது என்று அம்மா எதிர்பார்த்தார். துணிகள் வாளியில் குவிந்தன.

"கிணத்தடிக்குப் போகப் பஞ்சியாம்" என்றார் அம்மா, நான் வேலையால் வந்ததும் வராததுமாக. "இண்டைக்கு நீ தோய். நாளைக்கும் நீதான் தோய்ப்பாய். அவள் கெட்டிக்காரி, உன்னைப் பழக்கி எடுத்திடுவாள்."

நான் தோய்த்தேன். பழகியும் விட்டேன். தோய்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றை யோசித்தேன். இந்தக் கல்லில் நின்று பாடினவளுக்குக் குசினியில் நிற்கப் பஞ்சி இல்லை, படலையைப் பூட்டப் போகப் பஞ்சி இல்லை. கிணற்றடிக்கு மட்டும் என்ன பஞ்சி?

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அவள் பிள்ளையோடு குசினி வாசலில் வந்து நின்று, "மச்சாள், இவளைக் கொஞ்சம் வைச்சிருங்கோ" என்றாள். வாங்கிக்கொண்டேன். தந்த பிறகும் போகாமல் நின்றாள்.

"உங்களுக்குப் பிள்ளையளிலை விருப்பம்தானே? நீங்களே வளருங்கோ. உங்களிட்டை எல்லாம் ஒழுங்கா இருக்கும்."

"அப்ப நீர்?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் இடுப்பில் பிள்ளையை மாற்றிக்கொண்டு, மனதில் கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

"கிணத்தடிக்கு ஏன் போறேல்லை? உண்மையாப் பஞ்சியோ?"

அவள் நிலத்தில் குந்திவிட்டாள்.

"பஞ்சி இல்லை மச்சாள். பயம்."

"என்ன பயம்?"

"அங்கை நிண்டா, இனி ஒண்டும் செய்யத் தேவையில்லை, எல்லாம் முடிஞ்சிடும் எண்டு ஒரு நினைப்பு வருகுது. ஒருக்கா இவளையும் தூக்கிக்கொண்டு நிண்டனான். அப்பவும் வந்தது. ஓடி வந்திட்டன். அதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போறேல்லை."

நாங்கள் சோம்பல் என்று சொல்லிச் சிரித்த நாட்களெல்லாம் அவள் தன்னையும் பிள்ளையையும் தனியாகக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இதைச் சொன்னது நல்லது. நீர் கெட்ட தாய் இல்லை. இது ஒரு வருத்தம். டொக்டரிட்டைக் காட்டினால் சுகம் வரும்" என்றேன். சுகம் வருமென்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

"ஏன் பஞ்சி எண்டு சொன்னனீர்? கவலையா இருக்கு எண்டு சொல்லியிருக்கலாமே."

"கவலை எண்டா ஏன் எண்டு கேப்பினம். எனக்கு ஒரு காரணமும் இல்லை மச்சாள். நல்ல புருசன், நல்ல பிள்ளை, மாமி சமைச்சுத் தாறா. பஞ்சி எண்டா ஒருத்தரும் காரணம் கேக்க மாட்டினம்."

அங்கிருந்தபடியே குடும்பநல மாதுவுக்குப் போன் எடுத்தேன். அவவைத் தனியே விடவேண்டாம், இரவில் பக்கத்தில் படுங்கள், காலையில் முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், நான் அங்கே சொல்லி வைக்கிறேன் என்றார்.

அம்மா வந்ததும் விசயத்தைச் சொன்னேன்.

"டொக்டரோ? காய்ச்சலோ அவளுக்கு?"

"மனம் சரியில்லை."

"பிள்ளை பிறந்த வீட்டிலை மனத்துக்கு என்ன வந்தது? பஸ்ஸுக்குள்ளை ஊர்ச்சனம் கேட்டா என்னெண்டு சொல்லுவாய்?"

"சொல்லப் பஞ்சியாக் கிடக்கு எண்டு சொல்லுவன்."

"பகிடி விடாதை. பஞ்சி பிடிச்சவளுக்கு ஆசுப்பத்திரியிலை என்ன மருந்து?"

"பஞ்சி இல்லை அம்மா. அவவுக்குக் கிணத்தடியிலை நிக்கப் பயமாம். தன்னை நினைச்சுத்தான் பயமாம்."

அம்மா வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வீட்டின் பின்கோடிப் பக்கத்தில் தகரம் இழுபடும் சத்தம் கேட்டது. பழைய மாட்டுக்கொட்டில் தகரத்தைத் தனியாக இழுத்துவந்து கிணற்றை மூடி, மேலே கல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் உதவப் போனபோது, "நீ அவளோடை இரு" என்றார்.

கிளினிக்கில் டொக்டர் என்னையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிட்டு அவளோடு நீண்ட நேரம் கதைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இது தொடங்கியிருக்கிறது, பல தாய்மாருக்கு வருகிறது, பால் கொடுத்துக்கொண்டே குடிக்கக்கூடிய மருந்து இருக்கிறது, ஆனால் வேலை செய்யக் கொஞ்ச நாள் எடுக்கும், அதுவரை நித்திரையும் ஆள்துணையும் வேண்டும் என்றார். ஏழாம் மாதத்தில் கையில் சீப்போடு நான் நின்ற அந்தக் காலை நேரம் நினைவுக்கு வந்தது.

திரும்பி வரும் வழியில், பஸ் மண்டைதீவுச் சந்தி தாண்டின பிறகு, அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள்:

"அப்பாட்டை ஒரு பசு நிண்டது. தலைக்கண்டு, முதல் போட்ட கண்டுக்குட்டி. கண்டைக் கிட்டச் சேர்க்கேல்லை, உதைச்சது. அப்பா அதுக்கு அடிக்கேல்லை, பேசேல்லை. பக்கத்திலை நிண்டு தடவிக்கொண்டு, கண்டைக் குடிக்க விட்டார். கொஞ்ச நாளிலை தானா நக்கத் துவங்கிட்டுது."

"அப்ப நீர் பசுவோ?"

"ஓம். மாமி வைக்கோல் போடுறா தானே. உப்பில்லாத வைக்கோல்."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் விட்ட முதல் பகிடி அது. நான் சிரித்ததில் முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் கெட்ட நாட்கள் வந்தன. மருந்தை நிறுத்தப்போகிறேன் என்று சொன்ன நாட்களும் உண்டு. இரவில் பிள்ளையை அம்மாவும் நானும் மாறிமாறிப் பார்த்தோம், அவள் தூங்கினாள். தம்பிக்கு எல்லாம் சொன்னோம். அவன் முதலில் அழுதான், பிறகு மகாராணி என்று கூப்பிடுவதை நிறுத்தினான். "கதைக்க ஏலாட்டிக் கதைக்க வேண்டாம். போனை உப்பிடியே வையும்" என்பான். அவன் அங்கே தன் உடுப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருப்பான், இவள் இங்கே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த விடுமுறையை முந்தி எடுத்துக்கொண்டு வந்து, கிணற்றுக்குக் கம்பிவலை மூடி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பிப் போனான்.

ஒரு நாள் மத்தியானம் அவள் ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டு, "மாமி, இண்டைக்கு உப்புக் கூட" என்றாள். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். போகும்போது, "வாய்க்காரி" என்று முணுமுணுத்தார். கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

இப்போது பிள்ளை ஓடித் திரிகிறாள். தாய் பாடுகிறாள், இன்னும் நன்றாகப் பாடவில்லை. பஞ்சி என்ற சொல்லை நாங்கள் வீட்டை விட்டுத் துரத்தவில்லை, ஆனால் யார் சொன்னாலும் இன்னொரு கேள்வி கேட்கிற பழக்கம் மூன்று பேருக்கும் வந்துவிட்டது. போன மாரியில் ஒரு காலை, நல்ல மழை. விடிந்தும் அவள் எழும்பவில்லை. தேத்தண்ணியோடு போய்க் கட்டில் ஓரத்தில் இருந்தேன்.

"எழும்பப் பஞ்சியாக் கிடக்கு மச்சாள்."

"என்ன பஞ்சி?"

போர்வைக்குள் இருந்து ஒரு கண் மட்டும் வெளியே வந்து, நான் எதைக் கேட்கிறேன் என்று பார்த்தது.

"மழைப் பஞ்சி" என்றாள். பிள்ளையையும் இழுத்துப் போர்வைக்குள் போட்டுக்கொண்டாள். நான் தேத்தண்ணியை மேசையில் வைத்து மூடிவிட்டு, அவர்களைப் படுக்க விட்டேன்.