பச்சைப் புள்ளியாக இருந்த கிணறு

நான் வேலை செய்யும் அலுவலகம் நகரத்தின் நடுவே, மெட்ரோவிலிருந்து வெளியே வராமலே போய்ச் சேரக்கூடிய ஒரு கட்டடத்தில் இருக்கிறது. என் வேலை அட்டவணைகளைச் சரிபார்ப்பது. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து, 2030ஆம் ஆண்டுக்குள் வறுமையையும் பசியையும் ஒழிப்போம் என்று பதினேழு குறிக்கோள்களுக்குச் சம்மதம் சொல்லின. அதில் ஆறாவது தண்ணீர். எல்லாருக்கும் பாதுகாப்பான குடிநீர். ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் அந்தக் குறிக்கோளுக்காகத் தோண்டப்படும் குழாய்க்கிணறுகளின் விவரம் எங்களுக்கு வரும். ஊர்ப் பெயர் சரியா, இடம் வரைபடத்தில் சரியாக விழுகிறதா, படம் இணைத்திருக்கிறார்களா என்று பார்த்து, எல்லாம் சரியென்றால் அட்டவணையில் அதற்குரிய கட்டத்துக்குள் அடையாளம் இடுவேன். வரைபடத்தில் அந்த ஊர் சிவப்பிலிருந்து பச்சைப் புள்ளியாக மாறும்.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டே வந்தேன். கணவர் கூப்பிட்டு மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த பிறகு ஆறு வருடம் ஒரு தையல் ஆலையில் வேலைக்கு நின்றேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், சென்ட்-ஆன்-த-பெல்வ்யூவில் உள்ள பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகத்தில் மண்ணும் நீரும் பற்றிப் படித்தேன். எங்கள் நகரம் இருக்கும் தீவின் மேற்கு மூலை அது. போகவும் வரவும் பஸ்ஸிலேயே பாதி நாள் கழியும். வகுப்பில் என்னைவிட மூத்தவர் பேராசிரியர் மட்டும்தான். என்றைக்காவது ஒரு வறண்ட ஊரில் போய் நின்று, இந்த இடத்தில் தோண்டுங்கள் என்று கை காட்டுவேன் என்று நினைத்துக்கொண்டு படித்தேன். கிடைத்தது மேசை வேலை. ஆனாலும் முதல் வருடம், ஒவ்வொரு புள்ளி பச்சையாகும்போதும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒருத்தி குடியிருந்தாள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவள். எந்த நாடு என்று எழுதவில்லை. எழுதினால் அங்கே மட்டும் நடந்த ஒன்றுபோல் ஆகிவிடும். பஸ்ஸில் நாலைந்து தரிப்பு தள்ளி, கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை அவளுக்கு. நாங்கள் சந்தித்தது நிலவறையில் உள்ள சலவை அறையில். இருந்த மூன்று இயந்திரங்களில் ஒன்று எப்போதும் பழுதாக இருந்ததால், வரிசையில் நின்று கதைக்க நிறைய நேரம் கிடைத்தது. அவள் பேசியது பிரெஞ்சு. வயதில் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்களுக்கும் பழக்கமில்லை; என்னைப் ‘பெரிய சகோதரி’ என்பாள். அவள் சொன்னதெல்லாம் என் மனதில் எங்கள் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். ஈர உடுப்புகளைக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, அந்தப் படத்தில என்ரை அம்மாவின்ரை ஊரும் இருக்குமோ?”

“இருக்கும். அது ஆரும் பாக்கலாம். மேல வாரும், காட்டுறன்.”

எங்கள் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து வைத்தேன். ஊரின் பெயரை அவள் எழுத்துக் கூட்டிச் சொல்ல, நான் தேடினேன். இருந்தது. பச்சை. புள்ளியின் மேல் அழுத்தினால் படம் வந்தது. வேலியடைத்த ஒரு சிமெந்து மேடை, நடுவில் நீல நிறக் கைப்பம்பு, சுற்றிவரப் பெண்கள் கை தட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் திரைக்குக் கிட்டக் குனிந்து ஒவ்வொருவராக அடையாளம் காட்டினாள். “இது என்ரை தங்கச்சி. இது பக்கத்து வீட்டுக்காரி. இந்த மனிசி செத்துப்போச்சு.” பிறகு தங்கையைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தொலைபேசியை எடுத்தாள்.

தங்கை முதலில் சிரித்தாள். பிறகு, கிணற்றைக் காட்டு என்று அக்கா சொன்னதும், நடந்துபோய்க் காட்டினாள். அதே மேடைதான். பம்பின் கைபிடியைக் காணவில்லை. வேலியும் இல்லை. பம்பில் ஒரு ஆட்டைக் கட்டி வைத்திருந்தார்கள்.

எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டோம். இரண்டு மழைக்காலம் போய்விட்டதாம். முதலில் தண்ணீர் குறைந்து குறைந்து வந்தது, பிறகு நின்றுவிட்டது, பழுது பார்க்க ஒருவரும் வரவில்லை. பெண்கள் மறுபடியும் பழைய குளத்துக்கே நடக்கிறார்கள். கால்நடைகளும் குடிக்கும் குளம்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அக்கா, நீங்கள் அங்கதானே வேலை செய்யிறீங்கள். அவையளுக்குச் சொல்லுங்கோவன்.”

அந்த ஊருக்கு அடையாளம் இட்டது யார் என்று திங்கட்கிழமை பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன். நான்தான்.

எங்கள் பிரிவின் தலைவி நல்ல மனுஷி. சும்மா சொல்லவில்லை; என் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் வேலையையும் சேர்த்துச் செய்தவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு அட்டவணையைத் திறந்து, நான் அடையாளம் இட்ட கட்டத்தின் தலைப்பைக் காட்டினார்.

“கிணறு கட்டப்பட்டதா என்பதுதான் நம்மிடம் கேட்ட கேள்வி. கட்டப்பட்டது. நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய்.”

“ஆனால் தண்ணீர் வரவில்லையே.”

“அது வேறு கணக்கெடுப்பு. அந்த நாட்டு அரசாங்கம் எடுக்க வேண்டியது. எடுத்து அனுப்பினால் சேர்த்துக்கொள்வோம்.” அட்டவணையை மூடப்போனவர் நிறுத்தி, “குறிப்புப் பத்தியில் எழுதி வை” என்றார்.

எழுதி வைத்தேன். எல்லா அட்டவணைகளையும் ஒன்றாக்கும்போது குறிப்புப் பத்தி கழன்று, மேலே போகாமல் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கழற்றும் விதியை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்போது எனக்குப் பழைய ஒன்று நினைவுக்கு வந்தது. போர் முடிந்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் முகாம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தகரக் கதவுகளில் இலக்கம் எழுதிய மலசலகூடங்கள் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் குழி நிரம்பிப் பூட்டிக் கிடந்தவை. ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் படிவத்தோடு வந்து, எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். எனக்கு இங்கிலிஷ் தெரியும் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கதவுகளை எண்ணிச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு நன்றி சொன்னாள். பூட்டியவை எத்தனை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னால் நின்ற அம்மா ஒருவர், “பிள்ளை, என்ன கேட்டவ?” என்று கேட்டபோது, “சும்மா எண்ணினவ அம்மா” என்றேன்.

பழுதைத் திருத்த எங்களாலேயே முடியாதா என்று பிறகு யோசித்தோம். தங்கை அனுப்பிய படத்தில் பம்பின் தலையில் வார்த்த எழுத்துகள் தெரிந்தன. இந்தியாவில் செய்தது. எங்கள் முகாமிலும் இதே வகைதான் இருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் தண்ணீர் மேலே ஏறாது என்று அப்போது பார்த்திருக்கிறேன். திருச்சியில் இருக்கும் என் சித்தியின் மகனிடம் சொன்னேன். அவன் கடை கடையாக ஏறி வளையங்களும் ஒரு கைபிடியும் வாங்கி அனுப்பினான். அவளுடைய தேவாலயத்துக்கு வரும் ஒருவர் ஊருக்குப் போகவிருந்தார். பெட்டியில் இடம் தருவதாகச் சொன்னார்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை.

“நீர் ஏன் உதுக்குள்ள தலையைக் குடுக்கிறீர்? உம்மடை வேலை அடையாளம் போடுறது. போட்டாச்சு.”

“இஞ்சேருங்கோ, அது நான் போட்ட அடையாளம்.”

“அப்ப இன்னும் எத்தினை ஊருக்கு வளையம் அனுப்பப் போறீர்?”

சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போனார். ஆனால் பொதியைக் கட்ட அவர்தான் நாடா பிடித்தார்.

பொதி போய்ச் சேர்ந்தது. பக்கத்துப் பட்டணத்திலிருந்து பம்பு திருத்துகிறவர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கூட்டிவந்தார்கள். அவள் மூன்றாம் மாடியில் தொலைபேசியைப் பிடித்திருக்க, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பாதி ஊர் கூடி நின்றது. பிள்ளைகள் வாளிகளோடு நின்றார்கள். அவர் பம்பின் தலையைக் கழற்றி, கிணற்றுக்குள் இறங்கும் கம்பியை இழுத்தார். அது சுலபமாக மேலே வந்துவிட்டது. வரக்கூடாத அளவுக்குச் சுலபமாக. நுனியில் ஒன்றும் இல்லை. துரு தின்று, கம்பியும் குழாயும் நடுவிலே அறுந்து கீழே விழுந்து கிடந்தன. அதை வெளியே எடுக்கப் பெரிய வண்டி வர வேண்டும், எடுத்தாலும் இந்த நிலத்துத் தண்ணீருக்கு இந்த இரும்பு தாங்காது, முதலே வேறு குழாய் போட்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்னாராம். திருச்சியிலிருந்து வந்த வளையங்களைக் கையில் வைத்து நல்ல சாமான் என்று புகழ்ந்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் வாளிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

அவள் அழவில்லை. “பிள்ளையள் வாளியோட நிண்டதுகள்” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அந்த வசந்த காலத்தில் அவளுடைய நாட்டிலிருந்து நீர்த்துறை அதிகாரி ஒருவர் எங்கள் அலுவலகத்தின் கூட்டத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். குளிர் விட்டுப்போகவில்லை, யாரோ கொடுத்த, தோள் பெருத்த ஒரு மேற்சட்டையைக் கழற்றாமலே இருந்தார். பெரிய திரையில் தன் நாட்டின் வரைபடத்தைக் காட்டினார். முன்பைவிடப் பச்சை கூடியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

இடைவேளையில் அவர் தனியாகக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போய் அந்த ஊரின் பெயரைச் சொன்னேன். பம்பைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

“மேடம், அப்படி எத்தனை ஊர் என்று என்னிடம் கேளுங்கள்” என்றார். “நான் போய்ப் பார்க்க வேண்டும். என் பிரிவில் ஓடக்கூடிய வண்டி ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் உங்களைப் போன்றவர்கள் வந்தால், புதுக்கிணறு காட்டக் கூட்டிப்போகத் தேவைப்படும்.”

“அப்படியென்றால் உண்மையை எழுதி அனுப்பக்கூடாதா?”

“எந்த உண்மையை?” அவர் குவளையைக் கீழே வைத்தார். “சிவப்பு என்று எழுதினால், இவர்களுக்குக் கொடுத்தது வீண், செய்யத் தெரியாதவர்கள் என்பார்கள். பச்சை என்று எழுதினால், இனித் தேவையில்லை, வேறு நாட்டைப் பார்ப்போம் என்பார்கள். தோண்டுவதற்கு உதவி வரும். படம் எடுக்கலாம் அல்லவா? பழுது பார்ப்பதற்கு ஒருவரும் தருவதில்லை. அதில் படம் எடுக்க என்ன இருக்கிறது?” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எங்களைக் கட்டாயப்படுத்தி ஒருவரும் சம்மதம் வாங்கவில்லை, மேடம். நாங்களும் சேர்ந்துதான் வாக்குக் கொடுத்தோம். அன்றைக்கு வானொலியில் கேட்டபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். எங்கள் பெண்கள் இனி நடக்க வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது என் நாள் முழுவதும் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதவே போகிறது.”

மணி அடித்தது. ஊரின் பெயரை ஒரு தாளில் எழுதி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டி கிடைத்தால் பார்ப்பதாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றைக்கும் நம்புகிறேன்.

கோடை வந்தது. ஒரு நாள் சலவை அறையில் அவள், தங்கையின் மூத்த மகள் பள்ளிக்கூடம் போவதை விட்டுவிட்டாள் என்றாள். தாய்க்கு இடுப்பு வலி. குளத்துக்கு நடக்க ஆள் வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை. ஆசிரியர் நல்லவராம், ஒருநாள் திரும்பி வருவாள் என்று பெயரை வெட்டாமல் வைத்திருக்கிறாராம்.

“படிப்புக்கும் உங்கடை பட்டியல்ல ஒரு இலக்கம் இருக்குதெண்டு சொன்னனீங்கள் அக்கா?”

“ஓம். நாலாவது.”

“அதில இவளைப் படிக்கிற பிள்ளை எண்டோ வைச்சிருப்பினம்?”

பெயர் பள்ளிக்கூட வரவு இடாப்பில் இருந்தால் படிக்கிற பிள்ளைதான். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. துணி சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு விளங்கியிருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

வேலையை விட்டுவிட நினைத்தேன். விட்டால் என் இடத்தில் இன்னொருவர் வந்து அதே கட்டத்தில் அடையாளம் இடுவார். விடாமல் இருப்பதற்கு அது ஒரு நல்ல காரணம் என்று சொல்லமாட்டேன். வீட்டு வாடகையும் ஒரு காரணம். தலைவியிடம் இன்னொரு தடவை பேசினேன். பழுதானவற்றுக்கு ஒரு தனி நிறம் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மேலே அனுப்பினார். அடுத்த முறை படிவங்களை மாற்றும்போது பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அடுத்த முறை எப்போது என்று அதில் இல்லை.

போன மாதம், வேலைக்குப் போக ஷெர்ப்ரூக் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது அவளும் வந்தாள். தங்கை குடும்பத்தோடு பட்டணத்துக்குப் போய்விட்டாள் என்றாள். மைத்துனனுக்குச் சந்தையில் மூட்டை தூக்கும் வேலை. ஒரே அறையில் ஆறு பேர். தண்ணீரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பிளாஸ்டிக் கலனில் விற்கிறார்களாம்.

“மகள்?” என்று கேட்டேன்.

“ஒரு வீட்டில வேலைக்கு நிக்கிறாள். அங்க குழாய்த் தண்ணி இருக்காம்.”

அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவளுடைய முகத்தில் தேடினேன். அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது. உள்ளே நிற்கவே இடமில்லை. அவள் முன் கதவால் ஏறினாள், நான் அவளுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு ஏறினேன். கார்டெரிக்குக் கிட்ட இருந்த தரிப்பில் அவள் இறங்கினாள். நான் அலுவலகம் போய் வரைபடத்தைத் திறந்தேன்; அந்த ஊர் இன்னும் பச்சையாகவே இருந்தது.