தாளில் விழுந்த கறை

கொதிக்கிற டீ கிளாஸை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு கதையளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கூட்டாளி, "கை வெந்துடப் போவுது, கீழ வைய்யா!" என்று கத்தினார். எனக்குச் சூடே தெரியவில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் எனக்கு வேலை. சில நாளில் பாதமும் மரத்தது. தோல் திட்டுத்திட்டாகக் கறுத்தது. தொழுநோய்தான் என்று நானே முடிவு கட்டினேன். மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுங்கினேன். குழந்தையைத் தொடவே இல்லை.

என் மனைவி ராஜம்மா பொறுத்துப் பார்த்தாள். "இன்னாய்யா, நீயே டாக்டரா? கெளம்பு வேலூருக்கு" என்று ஒருநாள் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா என் நகங்களைத்தான் வெகுநேரம் பார்த்தார். குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தன.

"இது தொழுநோய் மாதிரி தெரியல. உடம்புல ஏதோ விஷம் சேர்ந்திருக்கு. அளந்து பார்த்துடலாம்."

ஒரு பகல், ஓர் இரவு போகிற சிறுநீர் முழுவதையும் கண்ணாடி ஜாடியில் பிடிக்கச் சொன்னார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வார்டில் நடந்தபோது மானம் போயிற்று. சோதனைச்சாலையில் அதிலிருந்து கிளம்பிய ஆவி ஒரு வெள்ளைத் தாளில் பழுப்புக் கறையாகப் படிந்தது. கறை எவ்வளவு கருமையோ அவ்வளவு விஷம். ஆர்சனிக் (தோலில் முடி கழல, சுண்ணாம்போடு கலக்கும் மனோசிலையில் உள்ள நஞ்சு) என்றார் டாக்டரம்மா.

"அதே தொட்டியில நிக்கிற மத்தவங்க நல்லா இருக்காங்களே?" என்று கேட்டேன்.

ராஜம்மா என் மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பியை உருவி மேஜையில் வைத்தாள்.

"இத்தையும் அளந்து பாருங்கம்மா. கடைச் சுண்ணாம்புல காரம் கம்மியாம். ஷாப்பு சுண்ணாம்பத்தான் வெத்தலைக்குத் தடவுவாரு."

மனோசிலை கலக்கும் அதே கரண்டியால் அள்ளியது அது. அதைச் சோதித்தபோது தாள் கன்னங்கரேல் என்று ஆனது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். தொழுநோய் இல்லை, வெறும் விஷம்தானே!

ஊசி போட்டார்கள். இடுப்பு வீங்கியது, கை கால் நெருப்பாய் எரிந்தது. ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் கறை வெளுத்தது. "இது ஒட்டாது, குழந்தையைத் தூக்குங்க" என்று டாக்டரம்மா சொல்லியும், தாள் வெள்ளையாகும்வரை தொடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். நகத்துக் கோடு மெல்ல நுனிக்கு ஏறியது. காலண்டரை விட்டு அதைப் பார்த்தே நாட்களை ஓட்டினேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் கை மரத்திருந்தால், நோய்க்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள். அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தாள் வெள்ளையாகவே இருந்த அன்று, ராஜம்மா குழந்தையை என் மடியில் போட்டாள். நான் விலகியிருந்த காலத்தில் மகளுக்கு இரண்டு பல் முளைத்திருந்தது. என் விரலை இழுத்து வாயில் வைத்து நறுக்கென்று கடித்தாள்.

"ஐயோ, வலிக்குது!" என்று அலறினேன்.

ராஜம்மா அழுதுகொண்டே மகளின் கன்னத்தைத் தட்டினாள்.

"இன்னொரு தபா கடிடி, கண்ணு!"