நாகப்பனின் வலது கை

மலைமேல் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் லாரிகளில் நாகப்பனுடையது எது என்று அறிய எண் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. பின்னால் நீளும் கார் வரிசையைப் பார்த்தால் போதும். வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தடவிக்கொண்டு, கல்யாணச் சீர் கொண்டுபோகிறவர் மாதிரி இறங்குவார். சுமை ஏற்றிய லாரி அப்படித்தான் இறங்க வேண்டும். ஆனால் அந்த நிதானத்தில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு என்பது வழியிலுள்ள ரிங்லெட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த மலைச்சாலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது பின்னால் இருக்கும் காருக்குத் தெரியாது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லாரிக்காரருக்குத் தெரியும். பாதை காலியாக இருந்தால் அவர் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ‘போ, போ’ என்று வீசிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் முந்துவார்கள். முந்தும்போது நன்றிக்கு ஒரு குட்டி ஹாரன். கை வெளியே வராமல் முந்துகிற கார் கோலாலம்பூரிலிருந்து வந்ததாக இருக்கும்.

அந்த வலது கைதான் போன வருடம் நாகப்பனுக்குக் குழி பறித்தது.

தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டி நடக்கும். கயிறு இழுப்பதற்கு முந்திய நிகழ்ச்சி, நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆண்களுக்கான ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். தோட்டத்தில் பிறந்தவர் யாரும் ஓடலாம். இப்போது என்ன வேலை செய்கிறார் என்று கேட்கமாட்டார்கள். நாகப்பனின் பெற்றோர் கொழுந்து பறித்தவர்கள். அதனால் அவரும் ஓடினார்.

முதல் தடவை, விசில் ஊதியதும் தீப்பிடித்த வீட்டிலிருந்து தப்புகிறவர் மாதிரி பாய்ந்தார். பாதித் தூரத்தில் முகம் வெளுத்துப் புல்லில் உட்கார்ந்தார். தோட்டத்து நாய் வந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் எழுந்தார்.

அதன்பின், சரக்கு இறங்கும்வரை காத்திருக்கும் நேரத்தில், பெரிய பெரிய உலக ஓட்டப் போட்டிகளைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கினார். பார்த்தவருக்கு ஆச்சரியம். உலகத்திலேயே வேகமான ஆட்கள் அங்கே வேகமாக ஓடவில்லை. பதக்கம் முதலில் வருகிறவனுக்கு. எவ்வளவு நேரத்தில் வந்தான் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் எல்லாரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி கூட்டமாக ஓடுகிறார்கள். முன்னால் போகிறவன் எதிர்க்காற்றை முகத்தில் வாங்கவேண்டும் என்பதால் முன்னால் போக ஒருவனுக்கும் மனமில்லை. கடைசி வளைவு வந்ததும்தான் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள்.

“இது நம்ம தொழில்லா!” என்றார் நாகப்பன், லாரிக்குள் தனியாக இருந்தபடி.

முழுத் தூரமும் வேகமாக ஓட அவருக்கு மூச்சுப் போதாது. ஆனால் கூடை கூடையாகக் கோஸ் சுமந்து மேடேறிய தொடை அவருடையது; குறைந்த தூரத்துக்கு நன்றாகப் பாயும். ஆகவே, முன்னால் போய் உள்வரிசையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஓடி, எல்லாரையும் பின்னால் கட்டிப்போட்டு, கடைசியில் பறந்துவிட வேண்டும். போன வருடம் அப்படியே செய்தார். அத்தனை பேரும் பின்னால் வரிசை கட்டினார்கள். கடைசி நேர்ப்பாதை வந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. எதிரே பாதை காலி. நாகப்பனின் வலது கை அவரைக் கேட்காமலே நீண்டு, ‘போ, போ’ என்று வீசியது.

பின்னால் வந்தவர் எட்ரியன். கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை வைத்திருப்பவர். நாகப்பனைவிடச் சில வயது இளையவர். அவர் முந்திப் போனார். போகும்போது நன்றிக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டும் போனார்.

பிரிஞ்சாங் வரை சிரித்தார்கள்.

தோற்றவர் வீங்கிய முட்டியோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவி உமாதேவிக்கு பிரிஞ்சாங் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. புருஷன் முட்டி என்று தனி மரியாதை கொடுக்கமாட்டார். நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார்.

“இங்க வலிக்குதா?”

“இல்ல.”

“அப்ப புருவம் ஏன் மேல போவுது?”

இந்த வருடம் போட்டி நெருங்கியதும் உமாதேவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். “ஜெயிச்சா அடுத்த வருசமும் ஓடுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். தோத்தா இதோட சரி. ஓடுற சப்பாத்து எனக்கு.”

“ஒனக்கு எதுக்கு? ஒங்காலுக்குப் பெருசுலா.”

“காலுக்கு யாரு கேட்டா? மண்ணு போட்டு ஒண்ணுல புதினா, ஒண்ணுல ரோஸ்மேரி.”

நாகப்பன் சிரித்தார். அந்த வாரமே சமையலறை ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளரில் புதினாத் தண்டுகள் தண்ணீரில் நிற்பதைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அவை வேர்விடத் தொடங்கியிருந்தன.

லாரியில் உட்கார்ந்தே கழிகிற பிழைப்பு அவருடையது. வாரம் முழுவதும் என்ஜின்தான் ஓடும், அவர் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில், தேயிலைச் சரிவுகளுக்கிடையே தனியாக ஓடும்போதுதான் தமக்கும் கால் இருப்பது நினைவுக்கு வரும். அதை அப்படிச் சொல்ல அவருக்கு வராது. “சும்மா எக்சசைஸ்” என்பார். தோற்றால் அந்தச் சும்மாவைத்தான் புதினாவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

போட்டி நாள் காலையில் உமாதேவி ஒரு சின்ன முகத்துண்டை இறுகச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு அவரிடம் நீட்டினார்.

“இத வலது கையில பிடிச்சிக்கிட்டு ஓடுங்க.”

“எதுக்கு?”

“எங்க ஹோம்ல சின்னையா தாத்தா இருக்காரு. கை சும்மா இருந்தா சட்டை பித்தானையெல்லாம் பிச்சிருவாரு. இப்படித் துணியச் சுருட்டிக் குடுத்தா, பிடிச்சிக்கிட்டு சும்மா இருப்பாரு.”

“என்னையும் அவரோட சேத்துட்டியா?”

“அவரு சொன்ன பேச்சு கேப்பாரு.”

நாகப்பன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் தோக்கணும்னுதானே ஒனக்கு ஆசை? அப்புறம் இது எதுக்கு?”

“தோத்தா ஒழுங்காத் தோக்கணும். கை காட்டுனதாலதான் தோத்தேன், இன்னொரு வாட்டி ஓடிப் பாக்குறேன்னு வந்து நிக்கக்கூடாது பாருங்க.”

தோட்டத்துத் திடலில் பனி அப்போதுதான் விலகியிருந்தது. புல்லில் சுண்ணாம்புக் கோடு. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த காற்று, கடைசி நேர்ப்பாதையில் ஓடுகிறவர்கள் முகத்தில் அறைந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவர் தோட்டத்துக் கிராணி டொனால்ட். அலுவலகத்தில் சம்பளக் கணக்கைத் தவிர வேறு பேசாதவர். கையில் மைக் வந்தால் ஆளே வேறு.

விசில் ஊதியது. நாகப்பன் முன்னால் போய் உள்வரிசையைப் பிடித்தார். பிடித்ததும் வேகத்தைக் குறைத்தார்.

“திரிங்காப் லாரி கெளம்பிருச்சு!” என்று முழங்கினார் டொனால்ட். “பின்னால இப்பவே ஜேம்லா! ரிங்லெட் போறவங்க வேற ரோட்டுல போங்க!”

திடலே சிரித்தது. நாகப்பன் காதில் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் குறைத்தார். பின்னால் வந்தவர்களின் கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒருவர் முனகினார், இன்னொருவர் தோட்டத்து வார்த்தை ஒன்றைச் சொன்னார். முன்னால் வர மட்டும் யாரும் தயாரில்லை. காற்று அப்படி.

எட்ரியன் நேராக நாகப்பனின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் பீப் பீப் என்று கத்தும் கடிகாரம். மூச்சுக்குக் குறைவில்லாத ஆள். நினைத்திருந்தால் முதல் சுற்றிலேயே எல்லாரையும் கழற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் போன வருடம் லாரிக்குப் பின்னால் காத்திருந்துதானே ஜெயித்தார்? பலித்த வழியை யார் மாற்றுவார்கள்?

“நடக்கிறாங்களா ஓடுறாங்களா?” என்றார் டொனால்ட். “கொழுந்துக் கூடையோட எங்க பொம்பளைங்க இதவிட வெரசாப் போவாங்க!”

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. நாகப்பன் கொஞ்சமே கொஞ்சம் வேகம் கூட்டினார். வளைவில் ஒருவர் வெளிவரிசையில் சுற்றி வரப் பார்த்தார். அதிகத் தூரம் ஓடவேண்டியிருந்ததால் களைத்துப் பின்வாங்கினார். முட்டி முணுமுணுத்தது. புதினா ஞாபகம் வந்தது.

வளைவு முடிந்தது. எதிரே நேர்ப்பாதை, முகத்தில் காற்று, முதுகில் எட்ரியனின் மூச்சு. பாதை காலி.

நாகப்பனின் வலது தோள் எழுந்தது. முழங்கை விரிந்தது. விரல்கள் விரியப் பார்த்தன. உள்ளே துண்டு இருந்தது. துண்டை விட்டால்தான் கை விரியும். துண்டை விட்டால் உமாதேவி என்ன சொல்வார் என்று அந்தக் கைக்கே தெரிந்திருக்க வேண்டும். இன்னும் இறுக மூடிக்கொண்டது. முழங்கை திரும்பி விலாவுக்கு வந்தது. நாகப்பன் பாய்ந்தார்.

அடுத்த சில எட்டுகள் எட்ரியன் பாயவில்லை. அவருடைய கண் நாகப்பனின் வலது கை மேலேயே இருந்தது. அது மேலே எழுந்ததையும் பார்த்தார். முழுவதும் நீளட்டும் என்று காத்தார். வாழ்நாள் முழுவதும் அந்த லாரிக்குப் பின்னால் ஸ்ட்ராபெரிப் பெட்டிகளோடு காத்திருந்த மனுஷன். விழித்துக்கொண்டு பாய்ந்தபோது இடைவெளி விழுந்திருந்தது. பாதியை அடைத்தார். மீதியை அடைக்கப் பாதை போதவில்லை.

நாகப்பனின் நெஞ்சு முடிவுக் கோட்டுக் கயிற்றில் பட்டது.

“லாரி ஜெயிச்சிருச்சுலா!” என்று டொனால்ட் கத்தியதில் ஒலிபெருக்கி வீறிட்டு அடங்கியது.

இருவரும் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். எட்ரியனுக்கு முதலில் பேச்சு வந்தது.

“என்னண்ணே, கை காட்டவே இல்ல?”

“இது ரேஸ்டா!”

“ரேஸ்னு தெரியும்லா. நீங்க காட்டாம எப்படிண்ணே முந்துறது? காலு வரமாட்டேங்குது.”

உமாதேவி வந்து குனிந்தார். நாகப்பனின் வலது கை இன்னும் மூடியே இருந்தது. கட்டைவிரலை முதலில் விலக்கி, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துண்டை எடுத்தார். அதே துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, முட்டியை அழுத்தினார்.

“வீங்கியிருக்கு.”

“ஜெயிச்சிருக்கேன்.”

“ரெண்டும் தெரியுது. எந்திரிங்க, ஈரத்துல கெடக்காதீங்க.”

வேறொன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னவர் அவர்தானே?

வீட்டுக்குப் போகும் வழியில் லாரி சுமையில்லாத வெறும் வண்டிதான். ஆனாலும் நாகப்பன் மெதுவாகவே போனார். பின்னால் வந்த ஒவ்வொரு காருக்கும், பாக்கியைத் தீர்க்கிறவர் மாதிரி, வலது கையை நீட்டி நீட்டிக் காட்டினார். பக்கத்தில் உமாதேவியின் மடியில் வெற்றிக் கோப்பை இருந்தது. அவர் அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கோப்பையை மேசைமேல், புதினா டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அடியில ஒரு ஓட்ட போட்டுக் குடுங்க. தண்ணி நின்னா வேரு அழுகிரும்.”

“அது கோப்பைலா! நான் ஜெயிச்சது!”

“வேரு விட்டத நட்டுத்தான் ஆகணும். சப்பாத்தக் குடுக்குறீங்களா?”

நாகப்பன் கோப்பையைப் பார்த்தார். வாசலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, துளைபோடும் மெஷினைத் தேடி லாரிப் பக்கம் நடந்தார். அவசரப்படாமல்தான் நடந்தார்.