நீராவி அண்ணன் இன்றியமையாதவர் ஆன கதை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய இயந்திரத்தை ஓட்டுபவருக்கு 'நீராவி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த இயந்திரம் ஒரு முரட்டு ஜென்மம். விரிப்பைப் பாதி விழுங்கிவிட்டு அடம்பிடித்து நின்றுவிடும். அப்போது பின்பக்க வால்வைக் கால் சுற்றுத் திருப்பி, ஈரத்துணியால் அழுத்திப் பிடித்து, இழுப்பு தெரிந்ததும் கையை எடுக்க வேண்டும். பதினோரு வருடமாக இந்தச் சூட்சுமம் அவருக்கு மட்டும்தான் தெரியும். யாராவது எட்டிப் பார்த்தால் முதுகைக் காட்டி மறைத்துக்கொள்வார். வேலை தெரிந்தவன் என்ற மிதப்பு, வேறென்ன!

அன்று மேலாளர் ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். போகிற போக்கில் அண்ணனைக் காட்டி, "இவர் நமக்கு இன்றியமையாதவர்" என்றார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவருக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் விருந்தாளி தலையாட்டிச் சிரித்தாரே! உடனே அண்ணன் தன் மனைவிக்குப் போன் போட்டார். அவள் ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில், படுத்த படுக்கையான தன் அப்பாவையும் ஆறு வயது மகளையும் ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு அண்ணன் கொடுத்த மூன்றாவது மனு மேலாளரின் மேசையில் இருந்தது.

"மேனேஜர் என்னை இன்றியமையாதவர்னு சொன்னாரு, தெரியுமா?"

"அப்படின்னா என்னங்க?"

"ஏதோ நல்ல வார்த்தைதான். மாத்தல் கெடச்ச மாதிரின்னு வச்சுக்கோ."

"நெஜமாவா? பாப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லு, சொல்லு!"

அவசரக் குடுக்கை. சொல்லச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான், அலுவலகத் தபாலையும் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்காவிடம் அர்த்தம் கேட்கப் போனார்.

"நீங்க இல்லாம இங்க ஒரு வேலையும் நடக்காதுன்னு அர்த்தம்ணே" என்றார் அக்கா. அண்ணனுக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "உங்க மனுவும் திரும்பி வந்திருக்கு. அதுலயும் அதே வார்த்தைதான் எழுதியிருக்காரு" என்று ஒரு தாளை நீட்டினார்.

'இவர் இப்பிரிவுக்கு இன்றியமையாதவர் என்பதால் விடுவிக்க இயலாது.'

அண்ணன் அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார். சன்னல் இல்லாத அந்தக் கூடத்தில் புழுங்குவது இத்தனை வருடத்தில் அன்றுதான் அவருக்கு உறைத்தது. மேலாளரைத் திட்டலாமென்றால் வாய் வரவில்லை. வால்வை யார் கண்ணிலும் காட்டாமல் மறைத்தது மேலாளரா என்ன?

விடுவிடுவென்று போய், துணி மடிக்கும் மேசையில் நின்ற கூட்டாளியின் கையைப் பிடித்தார். அவருக்கும் இவருக்கும் ஒரே வயது.

"மாப்ளே, வா. மெஷினு நின்னா எப்படி ஓட்டுறதுன்னு சொல்லித் தரேன். ஒரு நாள் போதும், கத்துக்கலாம்."

கூட்டாளி கையை உருவிக்கொண்டார்.

"வேணாம் மச்சான். எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன், அப்பெல்லாம் நீ காட்டல. இப்ப கத்துக்கிட்டா ஒன்னை விட்டுட்டு என்னைப் புடிச்சுக் கட்டிப்போடுவாங்க. நானும் மாத்தலுக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

அண்ணனுக்குக் கோபம்கூட வரவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டு நம்பர். இந்நேரத்துக்கு மகள்தான் பேசுவாள். எடுக்காமல் அப்படியே நின்றார்.