பிளக்கைப் பிடித்த கை

எங்கள் பனியன் கம்பெனியில் எதற்கெடுத்தாலும் 'கட்'தான். போன் கட்டாகும், லீவு போட்டால் சம்பளம் கட்டாகும், வேலை நேரத்தில் டீக்கடைக்கு நழுவினால் அது கட்டடிப்பது. அந்தச் சொல் காதில் விழுந்தாலே கட்டிங் மாஸ்டர் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். ஒல்லியான மனிதர், இடது கையில் எப்போதும் இரும்பு வலைக் கையுறை.

கரண்ட் கட்டானால் எல்லோரும் செல்போனை எடுப்பார்கள். அவரோ துணி வெட்டும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் கரண்ட் கட்டான நேரத்தில் சாம்பிள் வாங்கப் போன நான், பிளக்கும் கையுமாக நின்ற அவரிடம், "கரண்ட்டே இல்லீங்க மாஸ்டர், அப்புறம் எதுக்குங்க பயம்?" என்று சிரித்தேன்.

"போறதுக்குப் பயமில்லீங்க. சொல்லாம கொள்ளாம திரும்பி வருமுங்க, அதுக்குத்தானுங்க."

பேச்சுவாக்கில் அவருடைய மெஷினின் பிளேடில் சிக்கியிருந்த துணியை விரலால் இழுத்தேன். அப்போது ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன. பக்கத்து மேசையில் யாரோ அணைக்க மறந்த மெஷின் ஆளில்லாமலே அலறியது.

என் விரல் பிளேடின் மேலேயே இருந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. மாஸ்டர் பிளக்கைக் கீழே விடாமலே, கையுறை போட்ட கையால் என் விரலைப் பிளேடிலிருந்து விலக்கினார்.

இன்றும் வீட்டில் கரண்ட் வந்ததும் குழந்தைகள் கைதட்டிக் கூச்சலிடுவார்கள். நான் இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டு நிற்பேன்.